நல்ல தண்ணி

ஐஸ் பெட்டிக்குள் பதினாறு போத்தல்கள்.
பதினேழாவது நீர்வேலியில்,
வாழைத் தோட்டம் முடிகிற இடத்தில்.
ஸ்கூட்டியின் மட்காட்டில் செம்மண்.

"எங்கட கிணறு நல்ல தண்ணிக் கிணறு, பிள்ளை.
உவர் எண்ட கதைக்கே இடமில்லை.
அங்கால ஊர்ச்சனம் கானோட வந்து
அள்ளிக்கொண்டு போகும்,"
என்கிறார் அரியகுட்டி.

நாக்குத்தான் இங்கே பழைய ஆய்வுகூடம்.
உப்பைப் பிடிக்கும். துருவைப் பிடிக்கும்.
எண்ணெய் மிதந்தால் கண் பிடிக்கும், மூக்குப் பிடிக்கும்.
நைத்திரேற்று
யாரிடமும் பிடிபடாது.
நிறமில்லை, மணமில்லை,
நல்ல தண்ணியைப் போலவே இருக்கும்
நல்ல பிள்ளையாக.

உறுதியை எடுத்துக் காட்டுகிறார்:
கிணற்றில் ஆறிலொரு பங்கும்
வழி வாய்க்கால் உரித்தும்.
அந்த ஆறிலொன்றுக்காக
மூன்று வருஷம் கோட்டுக்கு அலைந்திருக்கிறார்கள்.
இப்போது ஆறு மோட்டர்.
ஆறு நீலக் குழாய்கள்
ஒரே இருட்டுக்குள் இறங்குகின்றன.

குழி எவ்வளவு தூரம், ஐயா?
"முப்பது அடி வரும்," என்று நடந்தே காட்டினார்.
என் ரேப் இருபத்திரண்டு என்றது.
குனிந்து தன் காலைப் பார்த்தார்,
அதுதான் பொய் சொன்னதுபோல.
பிறகு,
"அது என்ர குழியில்லை. தம்பியின்ர.
நாங்கள் கதைக்கிறேல்லை."

மதில் ஏழடி. மேலே போத்தல் ஓடு பதித்தது.
மண்ணுக்குக் கீழே மதில் இல்லை.
சுண்ணாம்புக் கல்
இடியப்பத் தட்டுப்போல் கண் கண்ணாக.
வெங்காயத்துக்கு எறிந்த யூரியாவும்
தம்பி வீட்டுக் குழியும்
ஒரு உறுதியும் இல்லாமல் பங்குக்கு வருகின்றன.
அண்ணனும் தம்பியும் கதைக்காத பதினொரு வருஷமும்
தண்ணி கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பட்டியை நனைத்தேன்.
ஒரு நிமிஷம் பொறுக்கவேண்டும்.
மருமகள் நிரோஜினி வந்து நின்றாள்,
தோளில் இரண்டு மாதப் பிள்ளை.
அவள் அதைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது.
போன வருஷம் வேறொரு பட்டியையும்
இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

இளஞ்சிவப்பு. பிறகு
அதைவிடக் கொஞ்சம் கூட.

"சரியான கணக்கு ஆய்வுகூடம் சொல்லும்,"
என்று தொடங்கினேன்.
"மாப்பால் கரைக்கிற தண்ணியைக்
கொதிக்க வைச்சுத்தான் எடுக்கிறன், மிஸ்.
பதினைஞ்சு நிமிஷம்."
இதைத்தான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள்.
கொதித்தால் கிருமி சாகும்.
கொதித்தால் தண்ணி குறையும்.
இது குறையாது,
மிஞ்சின தண்ணியில் இன்னும் நெருக்கமாக இருக்கும்.
நான் சொல்லச் சொல்ல
அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
அங்கே கேத்தில் சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கேத்திலிலிருந்துதான் எனக்குத் தேத்தண்ணி வந்தது.
வளர்ந்த உடம்பை ஒரு கோப்பை ஒன்றும் செய்யாது.
எனக்கு அது தெரியும்.
ஆனால் அவள் பார்க்க நான் குடித்தால்
அது சான்றிதழ்.
குடிக்காவிட்டால்,
இந்த வளவில் இன்னொரு பதினொரு வருஷம்.
கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு
லேபிள் எழுதினேன்: பதினேழு, பத்து இருபது, பங்குக் கிணறு.

"அப்ப பிள்ளைக்கு?"
சபைப் பவுசர் செவ்வாயும் வெள்ளியும் வரும்.
நிறைக்கிற தாங்கி எங்கே என்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தம்பியின் கேற்றடியில்.

அரியகுட்டி வாழை இலை ஒன்றின்
கிழிசலைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தார்.
அப்படியொன்றைச் சரிசெய்ய முடியாது.

நிரோஜினி ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.
அஞ்சு லீற்றர்க் கானை எடுத்தாள்.
ஒழுங்கையில் செருப்புச் சத்தம்,
பிறகு துருப்பிடித்த கொளுக்கி ஒன்று
இரண்டு தரம் இழுபட்டு விடுபடும் சத்தம்.
அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்,
"ஆர்?"

மோட்டர் போடப்பட்டது. வாய்க்காலில் தண்ணி ஓடியது,
வெயிலில் கண்ணாடிபோல், வாழைக்கு.

தேத்தண்ணி ஆறிவிட்டிருந்தது.
யாரும் பார்க்கவில்லை.
குடித்தேன்.
இனிப்புத்தான்.